சிவப்பின் மேல் அடித்த பச்சை

ஆறுமுகநேரி சாலையோரம் உப்பளத்து வேலைக்கு நடந்துபோன ஒரு பெண்ணை லாரி அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. அந்த வழியில் கேமராவும் இல்லை. மண்ணில் எனக்குக் கிடைத்தது உள்ளங்கை அளவு பம்பர் துண்டு ஒன்றுதான்.

நான் அப்போது எஸ்.ஐ. திருவிழா, அமைச்சர் வருகை என்று மாதம் முழுக்க பந்தோபஸ்து நின்று சலித்திருந்தேன். இன்ஸ்பெக்டரிடம் நானே போய்க் கேட்டேன்: "கண்டுபிடிக்க முடியலன்னு எழுதி முடிச்சிரலாமா சார்?"

அவர் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "பந்தோபஸ்துக்கு வேற ஆளப் போடுதேன். பத்து நாள் நீங்க இத மட்டும் பாருங்க."

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. களைப்பெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

துறைமுகச் சாலையில் உள்ள லாரிப் பட்டறைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஏழாம் நாள் ஒரு டிங்கர் அண்ணாச்சி துண்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்பு தெரிந்தது.

"சிவப்பு மேல பச்ச. இது நான் அடிச்சதுதாம்மா! பழைய பெயிண்ட எடுக்கணும்னேன், அவசரம்னு ஓனர் விடல."

வண்டி யாருடையது என்று அவரே சொன்னார். புது பம்பரோடு அது ஓனரின் ஷெட்டில் நின்றது. கழற்றிய பழைய பம்பர் பின்னால் கிடந்தது. என் துண்டு அதில் அச்சாகப் பொருந்தியது. முதல் கேள்விக்கே டிரைவர் அழுதுவிட்டான்.

வழக்கு முடிய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. இடையில் என்னை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். ஒரு வாய்தாவுக்கும் நான் போகாமல் இருக்கவில்லை. தண்டனை அறிவித்த அன்று இறந்தவரின் மகள் கோர்ட்டு வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவ அடிச்சது யாருன்னே தெரியாமப் போயிருமோன்னு பயந்தேன். நீங்க விடலம்மா." சீருடையில் அழக் கூடாதென்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதே வாரம் மாவட்ட அலுவலகத்தில் மேஜை வேலைக்கு என்னைக் கேட்டார்கள். தினமும் ஆறு மணிக்கு வீடு. என் கணவர் ரொம்ப நாளாக ஆசைப்பட்டது. வேண்டாம் என்றேன்.

அவர் மறுநாள் காலையில் போனில் தன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தது அடுக்களை வரை கேட்டது.

"ஒரு துண்ட வச்சே பிடிச்சிட்டா! வேற யாரு, இவதான்."

தோசையைத் திருப்பிப் போட மறந்து நின்றேன்.