கடைசிக் குவார்ட்ஸ் குழாய்

கோடைக்கானல் பஜாரில் ஹோட்டல்களின் மைக்ரோவேவ் அடுப்புகளை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பெருமாள்மலையில் ஒரு பழைய பங்களாவில் கிராஃபீன் செய்கிறார்கள், மைக்ரோவேவ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சாம்பார் சூடு பண்ணுகிற மைக்ரோவேவைக் கிளப்பும் அதே மாக்னட்ரான்தானே என்று அலட்சியமாகப் போனேன்.

முதல் நாளே வாயைப் பிளந்தேன். நிமிர்ந்து நிற்கும் குவார்ட்ஸ் குழாய்க்குள் ஆர்கான் வாயு ஓட, மைக்ரோவேவ் பட்டதும் ஊதாச் சுடர் ஒன்று எழுந்து நின்றது. அதுதான் பிளாஸ்மா. அதற்குள் எத்தனால் ஆவியைச் செலுத்தினால் கரி அணுக்கள் மெல்லிய தாள்களாகச் சேர்ந்து, கறுப்புப் பொடியாக வடிகட்டிப் பையில் வந்து விழும்; அதுதான் கிராஃபீன். கையில் எடுத்தால் எடையே தெரியாது.

இதை நடத்தியவர் மலர்விழி மேடம், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் மகள். குளிர் அவருக்கு ஆகவே ஆகாது. குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு, மெஷினின் பின்பக்கம் ஃபேன் தள்ளும் சூட்டுக் காற்றில் குளிர்காய்ந்தபடியே வேலை பார்ப்பார். நான் கேலி செய்தால் சிரித்துக்கொள்வார்.

மூடுபனி இறங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. சுடர் நன்றாகப் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் தள்ளாடிக் குழாயின் சுவரைத் தொடும், குழாய் விரிசல் விடும். வாயுவைப் பார்த்தோம், மாக்னட்ரானையும் மாற்றினேன். பலனில்லை. கடைசியில் ஒரே ஒரு குழாய் மிஞ்சியது. மறுநாள் காலை ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் கண்முன் பொடி விழாவிட்டால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

அன்று பிற்பகல், ஃபேனை மட்டும் ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தோம். மேடத்தின் கை பழக்கத்தில் பின்பக்கம் போனது. அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, காத்தே வரலியே. கொஞ்ச நாளாவே இங்க கை காயல. குளிர்தான் கூடிப்போச்சுன்னு நெனைச்சேன்."

ஃபேன் காற்றை இழுப்பது சுவரிலிருந்த துவாரத்தின் வழியாக. அதில் சாக்குத் திணித்துக் கிடந்தது. பனிக்கு வீட்டு ஓட்டைகளை அடைப்பது இந்த மலையில் எல்லோரும் செய்வதுதான். குளிர் ஊரில் மெஷினுக்குச் சூடு ஏறும் என்று யாருக்குத் தோன்றும்? இங்கே காற்று மெலிசு. ஏற்கெனவே ஆற்றும் சக்தி குறைவு. அதையும் அடைத்ததால் மாக்னட்ரான் கொதித்து, பவர் தடுமாறி, சுடர் சாய்ந்திருக்கிறது.

"நாந்தான் அடைக்கச் சொன்னேன்," என்றார் மேடம். "வெரசா பிடுங்குங்க."

மறுநாள் குழுவிடம் முதலில் இதைத்தான் சொன்னார். யாரும் கேட்காததை ஏன் சொல்ல வேண்டும் என்று நான் முணுமுணுத்தேன். அடுத்து மலையில் மெஷின் வைப்பவர்களுக்காவது குழாய் மிஞ்சட்டும் என்றார்.

கடைசிக் குழாயை மாட்டினோம். துவாரத்தின் வழியாகப் பனி அறைக்குள் புகுந்தது. குழுத் தலைவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதைக் கொஞ்சம் மூடக் கூடாதா என்று கேட்டார்.

பல் கிட்டிக்க மேடம் சொன்னார்: "நமக்கு ஸ்வெட்டர் இருக்குங்க சார். அதுக்கு இந்தக் காத்து மட்டுந்தான்."

சுடர் அசையாமல் நின்றது. பையில் கறுப்புப் பொடி இறங்கத் தொடங்கியது. திட்டம் தொடர்ந்தது. அவரிடம் வேலை பார்த்தேன் என்பதில் எனக்குப் பெரிய பெருமை. ஓய்வு பெற்ற பிறகும், எந்த மெஷின் முன் நின்றாலும் முதலில் அதன் பின்பக்கம் கையை நீட்டிப் பார்க்கிறேன்.