மண்டோர் வாசித்த தலைமையுரை

வேலம்மாவின் வாய்க்கு அந்த ரப்பர் தோட்டமே பயந்து கிடந்தது. மலேசியாவில் கோல சிலாங்கூர் டவுனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் உள்ளே தள்ளியிருந்த தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எந்த வீட்டு மாப்பிள்ளைக்கு முன்மண்டை வழுக்கை விழுந்தாலும் சாயங்காலத்துக்குள் வேலம்மா அவனுக்கொரு பட்டப்பேர் வைத்துவிடுவாள். அந்தப் பேர் அடையாளக் கார்டில் ஏறாததுதான் பாக்கி.

அப்பேர்ப்பட்ட வாய், 1983-ஆம் வருடம் மத்தியான நேரங்களில் குழற ஆரம்பித்தது. விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது ஒரு குறையும் இருக்காது. பத்து மணி தாண்டினால் இமை இரண்டும் தானாக இறங்கும். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து சேர்வதற்குள் கழுத்து தலையைத் தாங்காது, நாக்கு புரளாது. நிறுவைக்கு நின்ற வரிசையில் அவள் தள்ளாடியதைப் பார்த்து, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் காளியண்ணன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“கள்ளுக்கடை தெறக்குறதுக்கு முந்தியே வேலம்மாவுக்கு ஊத்திட்டாங்க போலலா.”

அவளிடம் நறுக்கென்று ஒரு பதில் தயாராக இருந்தது. நாக்குதான் ஒத்துழைக்கவில்லை. கொழகொழவென்று என்னவோ வந்தது, வரிசையே சிரித்தது. கள்ளை மோந்துகூடப் பார்க்காதவள் அவள். பழி சுமந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், பதில் சொல்ல முடியாமல் போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் கலவை மருந்து கொடுத்தார். பூசாரி எலுமிச்சம்பழம் கொடுத்தார். ஒரு வருடம் அலைந்து கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் வாகீஸ்வரி என்ற டாக்டரம்மா நோய்க்குப் பேர் சொன்னார். மயஸ்தீனியா. நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராதாம். உழைக்க உழைக்கச் சோர்ந்துபோகும், ஓய்வெடுத்தால் திரும்பிவிடும்.

“மாத்திரை எடுத்தா சமாளிக்கலாம்மா. ஆனா இப்படி ஒரு நோய் இருக்குன்னே யாருக்கும் தெரியாது. உங்க தோட்டத்துல நீங்கதான் எடுத்துச் சொல்லணும்” என்றார் டாக்டர்.

எடுத்துச் சொல்வதற்குள் காளியண்ணன் முந்திக்கொண்டான். வேலம்மா குடித்துவிட்டு வேலைக்கு வருகிறாள் என்று தோட்ட மேனேஜரான துரையிடம் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தான். மாதக் கடைசியில் வேலையிலிருந்து பேர் வெட்டு. பேர் போனால் லயத்து வீடும் போகும். பள்ளிக்கூடத்தில் பாரம் ஐந்து படிக்கும் மகள் நவமணியை இழுத்துக்கொண்டு, புருஷன் இல்லாதவள் எங்கே போய் நிற்பது?

டாக்டரின் கடிதத்தைத் ஆபீசில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி சபாரத்தினத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். யாழ்ப்பாணத்து மனிதர், இரக்கமுள்ளவர், வேடிக்கை என்றால் சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறவர்.

“துரைக்குக் காட்டிப்போட்டன், வேலம்மா. கண்ணால பாக்கிறவன் மண்டோர், அவன் சொல்லுறதைத் தள்ளேலாது எண்டு சொல்லுறார். எழுதினவனே வந்து மாத்திச் சொன்னால்தான் உண்டு. அவன் சொல்லுவானோ?”

“சொல்லுவாருங்கய்யா. கையில மைக்க குடுத்தா சொல்லுவாரு.”

கிராணிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காளியண்ணனுக்கு மைக் என்றால் உயிர். போன திருவிழாவில் நன்றியுரை சொல்ல ஏறியவன், சாமி ஊர்வலம் போய்த் திரும்பி வந்த பிறகும் இறங்கவில்லை. அந்தத் தோட்டத்தில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் முதல் மாலை தலைவருக்கு, பொன்னாடை தலைவருக்கு. உரையை எழுதிக் கொடுப்பது மட்டும் கிராணி. மேடை ஏறுமுன் அதைப் படித்துப் பார்ப்பது தலைவருக்குக் கௌரவக் குறைச்சல் என்பது காளியண்ணனின் கொள்கை.

மறுநாளே வேலம்மா அவன் வீட்டு வாசலில் நின்றாள். நாக்கு நன்றாக ஓடும் காலை நேரமாகப் பார்த்துத்தான் போனாள்.

“மண்டோரே, பெரிய ஆஸ்பத்திரி ஏழை நோயாளிங்களுக்காக ஒரு தர்ம நிகழ்ச்சி. யாருக்கும் தெரியாத ஒரு சீக்கப் பத்தி சனங்களுக்குச் சொல்றாங்க. நீங்கதான் தலைவரா இருக்கணும்னு கிராணி ஐயா சொல்லிட்டாரு.”

“என்னா சீக்கு?”

“அதெல்லாம் உரையில வரும்.”

“நோட்டீஸ்ல எம் பேரு மேலயா கீழயா?”

“உச்சியில. பெரிய எழுத்துல. துரையும் வர்றாரு.”

சீக்கைப் பற்றி அவன் அதற்குமேல் விசாரிக்கவே இல்லை. கோட்டை வெளுக்கப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. நன்கொடை டின் ஒரு பக்கம் சுற்றியது, சின்னப் பிள்ளைகள் ஆடின. மாலை போடுவது மட்டும் முக்கால் மணி நேரம் ஓடியது. அதற்குள் வேலம்மாவின் இமைகள் பாதி இறங்கிவிட்டன. கிடைத்த இடுக்கு வழியாகவே வேடிக்கை பார்ப்பது என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் துரை. மலாய்க்காரர்தான், ஆனாலும் இருபது வருடம் தோட்டத்தில் கிடந்ததில் தமிழ் நன்றாகவே தெரியும்.

காளியண்ணன் தாளைப் பிரித்து முழங்கினான். முதல் பக்கம் நன்றாகப் போனது. இரண்டாம் பக்கத்தில் கிராணி தன் கைவரிசையைக் காட்டியிருந்தார்.

“உழைத்துக் களைத்த வேளையில் இமை சரியும், நா குழறும், நடை தளரும். இந்நோய் கண்டோரைக் குடிகாரர் என்று தூற்றும் அறிவிலிகள் நம்மிடையே உளர். அன்னோர் வெட்கித் தலைகுனிய வேண்டாமா?”

வேண்டும், வேண்டும் என்று பின்வரிசையிலிருந்து லயத்து இளவட்டம் அப்பளசாமி குரல் கொடுத்தான். கைதட்டல். கூட்டம் வேலம்மாவைப் பார்த்தது, மண்டோரைப் பார்த்தது, களுக்கென்று எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. காளியண்ணனுக்கு இப்போதுதான் உறைத்தது. கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. துரை எதிரே இருக்கிறார், நிறுத்தவும் முடியாது. வேலம்மா முந்தானைக்குள் சிரித்தாள். ஒரு வருடக் கடன் தீர்ந்த சந்தோஷம் அவளுக்கு.

“தலை வாரக் கை உயராது. விழுங்கும் நீர் மூக்கின் வழியே...” என்று படித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

தப்பிக்க வழி தேடுகிறான் என்றுதான் வேலம்மா நினைத்தாள்.

“வேலம்மா” என்றான் மைக்கில். குரலில் முழக்கம் போயிருந்தது. “இந்தச் சீக்குக்காரங்க சோறு மெல்லும்போது தாடையக் கையால முட்டுக் குடுத்துக்குவாங்களா?”

அது தாளில் இல்லை. அவள் யாருக்கும் சொன்னதும் இல்லை. வீட்டில் தினமும் அப்படித்தான் சாப்பிடுகிறாள். மெதுவாகத் தலையாட்டினாள்.

“ராசா டவுன்ல கட்டிக் குடுத்த எந் தங்கச்சி சந்திரிகா அப்பிடித்தான் சாப்பிடுது” என்றான் அவன். “தல வாராம கெடக்கு, மத்தியானத்துல படுத்துக்குதுன்னு மாமியார் வீட்ல புகார். போன மாசம் நேர்ல போனேன். சோம்பேறி, ரெண்டு போடுங்க மச்சான், சரியாயிரும்னு நாந்தான் சொல்லிட்டு வந்தேன்.”

காளியண்ணன் துரையைப் பார்த்தான். “துரை, வேலம்மா குடிக்கல. நான் எழுதுனதெல்லாம் தப்பு. பேர வெட்டாதீங்க.”

துரை தலையசைத்தார். வேலை தப்பியது, வீடு தப்பியது. எந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து பிடுங்க இத்தனை தில்லுமுல்லு செய்தாளோ அந்த வார்த்தை வந்துவிட்டது. ஆனால் வேலம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடிவாங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்தான் அவள் நினைப்பில் நின்றாள்.

காளியண்ணன் மாலையைக்கூடக் கழற்றாமல் மேடையை விட்டு இறங்கி மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினான். வேலம்மா பின்னாலேயே போய்க் கையை நீட்டி மறித்தாள். நாக்கு ஒத்துழைக்காத நேரம். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

“கிராணி ஐயா... கார எடுக்குறாரு. நானும் வர்றேன்.”

“நீ எதுக்கு? நான் போய்ச் சொல்றேன்.”

“நீங்க சொன்னா... அந்தப் புள்ள நம்பாது, மண்டோரே.”

கிராணியின் கார் வந்து நின்றதும் அவன் அவளுக்கு முன்கதவைத் திறந்துவிட்டு, பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.