அப்பா சொல்லத் தயங்கிய பங்கு

அலங்காநல்லூருக்குப் பக்கத்தில், அண்ணன் தம்பி மூவரில் நடுப்பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அப்பா. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வயலுக்கு வந்தவர், என்னை மட்டும் வயல் பக்கம் விடவில்லை. பயிரின் நலன் கருதித்தான் என்பார் பெரியப்பா.

நாகமலை புதுக்கோட்டையில் எனக்கு முதுகலைக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகை வந்தால் படிப்பு, இல்லையென்றால் மில் வேலை. மதிப்பெண்ணில் சுமாரான நான், ஏழ்மையிலாவது எளிதாகத் தேறிவிடுவேன் என்று நம்பியிருந்தேன்.

வருமானச் சான்றுக்காக வருவாய் ஆய்வாளர் வயலுக்கே வந்தார். "வெளைச்சல் இல்லன்னு சொல்லிருங்கப்பா" என்று முன்பே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"வெள்ளாமை எப்படிங்க?" என்றார் ஆய்வாளர்.

அப்பா பயிரைப் பார்த்தார். "நல்லா வந்திருக்குங்கய்யா. அறுப்புக்கு வாங்க, புது அரிசிச் சோறு சாப்பிட்டுப் போகலாம்."

பட்டாவோ மூவருக்கும் பொது. மொத்த நிலத்தையும் அப்பாவின் கணக்கில் எழுதிவிட்டார்கள். காகிதத்தில் நாங்கள் பணக்காரர்களானோம். அடுப்படிக்குத்தான் தகவல் வரவில்லை. உதவித்தொகை கிடையாது என்றார்கள்.

"ஒரு வார்த்தை மாத்திச் சொல்லக் கூடாதாப்பா?"

"கதிரு பால் புடிச்சு நிக்கிதுடா. அதுக்கு முன்னால நின்னுக்கிட்டு எப்படிடா சொல்ல?"

தனிப்பட்டா வாங்கி, உங்கள் பங்கை மட்டும் காட்டுங்கள் என்றது தாலுகா ஆபீஸ். அப்பாவுக்கு இது இன்னும் பெரிய சோதனை. எங்கள் பக்கம் 'பங்கு' என்று முதலில் வாய் திறப்பவன்தான் குடும்பத்தைப் பிரித்தவன். பெரியப்பாவிடம் போய் உட்கார்ந்தார். மோட்டாரைப் பற்றிப் பேசினார், மாட்டைப் பற்றிப் பேசினார்.

"என்னடா, தொண்டையில முள்ளு கிள்ளு மாட்டிக்கிச்சா?" என்றார் பெரியப்பா.

அப்பா தலை நிமிரவில்லை. "இவன் படிப்புக்காகப் பங்கு... பிரிக்கணுமாம்ணே."

பெரியப்பா சிரித்துவிட்டார். "இம்புட்டுத்தானா? கெவருமெண்டு பார்க்கக் கல்லை ஊனுங்கடா. தண்ணி பாய்ச்சயில நம்ம அதைப் பார்க்க வேணாம்."

கூட உட்கார்ந்திருந்த சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "ஒழுங்கா படி. இல்லேன்னா கல்லைப் புடுங்கிருவேன்."

கல் ஊன்றினார்கள், உதவித்தொகை வந்தது. இன்று நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள்தான் பாவம்.

சென்ற ஆண்டு படுக்கையில் விழுந்த அப்பா, கடைசிவரை "தண்ணி பாஞ்சுச்சா?" என்றே கேட்டார். பாய்ந்திருந்தது. எங்கள் வயலுக்கும் சேர்த்துப் பெரியப்பாவும் சித்தப்பாவும்தான் பாய்ச்சினார்கள்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், வழியனுப்பத் தோள் கொடுத்த ஊராருக்கும், முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நன்றி. இந்த வரியில் முதலில் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் சேர்த்து எழுதி, வாசித்துக் காட்டினேன்.

"வீட்டாளுக்கு எதுக்குடா நன்றி? எங்கள ஊராரோட சேக்காத. அடிச்சிரு" என்றார் பெரியப்பா.

அடித்துவிட்டேன்.