மணல் மூட்டை என்று சொன்னேன்

எனக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை இன்று எதிரே பார்த்தால் முதலில் கும்பிடத்தான் தோன்றும். அப்புறம் அதே கையால் ஓங்கி ஓர் அறை விடத் தோன்றும். இரண்டுக்கும் அவருக்கு முழுத் தகுதி உண்டு.

ஹெவி லைசென்ஸ் எடுத்த புதிதில் ஒரு கம்பெனியும் என்னைச் சீந்தவில்லை. எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா என்பார்கள். வண்டி கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் வந்தால்தான் வண்டி கொடுப்பார்களாம். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகு என்கிற கதை. அப்போதுதான் எங்கள் ஊருக்குத் தெற்கே யார்டு போட்டிருந்த ஒரு கம்பெனி, புது லைசென்ஸ்காரர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி என்று ஆள் எடுத்தது. அதிலும் சுற்றுவட்டாரக் குப்பத்துப் பையன்களுக்கு முன்னுரிமை. எங்கள் ஊர் பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பத்தை ஒட்டிய கடலோரக் குப்பம். நான் கடலுக்கு வராததில் நைனாவுக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும், "சரி போ, காத்தடிச்சாலும் மய பெஞ்சாலும் சம்பளம் வரும்ல" என்றார். அம்மா அன்று சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

பயிற்சி கொடுத்தவர் நாமக்கல் பக்கத்துக்காரர். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர் எங்களைக் 'கண்ணு' என்பார். எங்கள் ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கொஞ்சுவதில்லை. திட்டுவதுதான் எங்களுக்குப் பாசம். மீசை வைத்த ஒரு பெரிய ஆள், "கிளட்ச்சை மெல்ல விடு கண்ணு" என்றபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு பழகிப்போனது. பழகி, பிடித்தும் போனது.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். வண்டியில் ஏறுவதற்கு முன் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்க்க வைத்தார். பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை வண்டியை எடுக்க விடமாட்டார். டிரெய்லரைப் பின்னால் எடுப்பதில்தான் எல்லோரும் திணறினார்கள். ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் பின்னால் இருக்கும் பெட்டி வலது பக்கம் போகும். கார் ஓட்டிப் பழகியவனுக்கு அது தலைகீழ்ப் பாடம். நாங்களோ ஃபைபர் போட்டில் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்து வளர்ந்தவர்கள். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் போட் மறுபக்கம் திரும்பும், அதே கணக்குத்தான். நான் சீக்கிரமே கோட்டுக்குள் விட்டுவிட்டேன். மாஸ்டர் முதுகில் தட்டி, தன் டிபன் பாக்ஸில் இருந்த முட்டையை எனக்கு எடுத்து வைத்தார். "முதல் வண்டி உனக்குத்தான் கண்ணு" என்றார். நானும் நம்பினேன். முட்டை சாப்பிட்டுக்கொண்டே நம்பினேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் குப்பத்துக்கு வடக்கே, கரைவலை இழுக்கும் இடத்தில், கல் கொட்டி ஏதோ கட்டப்போவதாக வேலை தொடங்கியது. கரையில் கல் விழுந்தால் வலை இழுக்க முடியாது, கிழிந்து நாராகிவிடும். ஊர் கூடிப் பேசி, கல் லாரி ஒன்றுகூடப் போகக் கூடாது என்று முடிவெடுத்தது. பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அம்மா முதல் வரிசை. எங்கள் கம்பெனி கண்டெய்னர் பெட்டி ஏற்றுகிற கம்பெனி. அதற்கும் இந்தக் கல்லுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

மறியல் நடந்துகொண்டிருந்த ஒரு நாள் காலையில் மாஸ்டர் என்னை ஒரு டிப்பர் லாரியின் முன்னால் நிறுத்தினார். முகப்பில் 'பயிற்சி வாகனம்' என்று புது பேனர். மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது.

"இன்னா லோடு மாஸ்டர்?"

"மணல் மூட்டை கண்ணு. வெறும் வண்டிய ஓட்டி என்ன பழக்கம்? வெயிட்டு வெச்சு ஓட்டிப் பாரு. உங்க ஊர் வழியாத்தான் போறோம். வீட்டுக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லு, பெத்தவங்க பாக்கட்டும்."

"அங்க மறியல் பண்றாங்களே மாஸ்டர்."

"அது கல்லு வண்டிக்குத்தான? நமக்கென்ன கண்ணு."

போன் போட்டேன். அம்மா போனிலேயே பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

சாலை திரும்பியதும் பெண்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வண்டியை நிறுத்தினேன். அம்மா எழுந்து வந்தாள். கையில் ஆரத்தித் தட்டு. புது போட்டைக் கடலில் இறக்கும் நாளில் நாங்கள் செய்கிற அத்தனையும் அந்த லாரிக்குச் செய்தாள். சுற்றிப் போட்டாள், முகப்பில் மஞ்சள் குங்குமம் வைத்தாள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பக்கத்து சீட்டில் இருந்த மாஸ்டரிடம் போய், "என் புள்ளைக்குத் தொழில் குடுத்த மவராசன்" என்று அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். அவரும் குனிந்து நெற்றியைக் காட்டினார்.

என் அத்தை, நைனாவின் தங்கை, எதையும் லேசில் நம்பாதவள். தார்ப்பாயைப் பார்த்தபடி கேட்டாள்.

"உள்ள இன்னாடா?"

"மணல் மூட்டை அத்தே. ட்ரெயினிங் வண்டி."

"மெய்யாலுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "என் புள்ள பொய் சொல்ல மாட்டான். எய்ந்திரிங்கடி, வழி வுடுங்க!"

எல்லோரும் எழுந்தார்கள். கை தட்டினார்கள்கூட. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பெண்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ காத்திருந்த டிப்பர்கள் ஒன்றன் பின் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல், திறந்த வழியில் புகுந்து வந்துகொண்டிருந்தன. அவற்றில் பேனர் இல்லை, தார்ப்பாய் இல்லை. கல் வெளியே தெரிந்தது. உட்கார இடமில்லாமல் பெண்கள் சாலையோரத்துக்கு ஓடினார்கள்.

"மாஸ்டர், பின்னாடி..."

"நிறுத்தாத. நிறுத்தினா பின்னால வர்றவன் ஏத்திப்போடுவான்."

அந்தப் பேச்சில் 'கண்ணு' இல்லை.

கரையில் தயாராக இருந்த ஆட்கள் என் வண்டியின் தார்ப்பாயை அவிழ்த்தார்கள். கருங்கல். பெட்டியைத் தூக்கிக் கொட்டும் லீவரைத் தொட மாட்டேன் என்று நான் கையைக் கட்டிக்கொண்டேன். மாஸ்டர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவரே இழுத்தார். நாங்கள் வலை இழுக்கும் கரையில் விழுந்த முதல் லோடு என் வண்டியில் வந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "மேல சொல்றாங்க. எனக்கும் புள்ள குட்டி இருக்குதில்ல" என்றார். குங்குமம் இன்னும் நெற்றியில் இருந்தது. "நல்லாத்தான் ஓட்டுன" என்றும் சொன்னார்.

குப்பத்துப் பையன்களுக்கு எதற்கு முன்னுரிமை என்பது அன்றைக்குப் புரிந்தது. ஒரு வாரத்துக்குள் எங்கள் எல்லோரையும் பயிற்சி முடிந்தது, கூப்பிட்டு அனுப்புகிறோம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியூர்ப் பையன்களுக்கு வண்டி கிடைத்தது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதில் கத்தி மட்டும் அவர்களுடையது. பிடித்தது என் கை.

ஊர்ப் பஞ்சாயத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்கள். சத்தியமாகத் தெரியாது என்றேன். தண்டம் போடுவார்கள், தள்ளி வைப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நம்பினார்கள். "சின்னப் பையன், ஏமாத்திட்டானுங்க, அவன் இன்னா பண்ணுவான்" என்று விட்டுவிட்டார்கள். இப்போது வேறொரு இடத்தில் லாரி ஓட்டுகிறேன். இன்றைக்கும் பிரேக்குக்குக் காற்று ஏறாமல் வண்டியை எடுப்பதில்லை. அந்த ஆள் கற்றுக்கொடுத்ததில்தான் சோறு தின்கிறேன் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அம்மாவை யாரும் பஞ்சாயத்தில் நிறுத்தவில்லை. அதனால் அவளை மன்னிக்கவும் ஆளில்லை.

போன முறை லீவில் வந்தபோது, கூடையைத் தூக்கிக்கொண்டு அவளோடு பழவேற்காடு மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் வாங்க வந்த ஒருவர் மடவையின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "எப்ப புடிச்சது?" என்றார்.

"காலைல புடிச்சதுங்க" என்றாள் அம்மா.

பக்கத்துக் கூடைக்காரி என் அத்தைதான். மீனை அரிந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

"யாரு சொன்னா? உன் புள்ளயா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ரொம்ப நாளாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கேலி என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிறவள் என் அம்மா. அன்று அவள் என் பக்கம்கூடத் திரும்பவில்லை. மடவையை எடை போட்டு அந்த ஆளின் பையில் போட்டாள்.