சதை போடும் ஆசிட்

இங்கே பிள்ளையையும் தேயிலைக் கொழுந்தையும் ஒரே தராசில்தான் நிறுக்கிறார்கள். எங்கள் கும்பகோணத்தில் இடுப்பில் தூக்கிப் பார்த்து, "கனக்கிறான்" என்றால் போதும். இலங்கையில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கரின் மனைவியாக வந்த பிறகு, நானும் மாதம் ஒருமுறை மகனைக் கூடையில் உட்காரவைத்துக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கிப்போகப் பழகிவிட்டேன். படித்தவள் அல்லவா, எடை தெரியாமல் சோறு இறங்காது.

அடைமழை தொடங்கியதும் அவன் இரண்டு ராத்தல், கிட்டத்தட்ட ஒரு கிலோ, குறைந்துபோனான். "இந்தக் குளிரு ஒத்துக்கல போல. அடுத்த மாசமும் ஏறலேன்னா, நீ புள்ளைய கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடு" என்றார் கணவர். போனால் கடல் தாண்டித் திரும்பி வர அனுமதி எப்போது கிடைக்குமோ, யாருக்குத் தெரியும்? மறுநாளே ஹட்டன் மருந்துக்கடைக்கு ஓடினேன். எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் ஒரு டானிக் போத்தலை எடுத்துவைத்தார். சீட்டில் அமினோ ஆசிட் என்றிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த என் பாவாடை நினைவுக்கு வந்தது.

"புள்ளைக்கு ஆசிட்டா, நானா?"

"அது எரிக்கிற ஆசிட், தங்கச்சி. இது சதை போடுற ஆசிட். பருப்புல, பால்ல இருக்கிற சத்துதான்."

இருந்தாலும் வீட்டில் ஒரு சொட்டைப் பழந்துணியில் விட்டுக் காத்திருந்தேன். துணி பிழைத்தது. சுவைத்துப் பார்த்த என் நாக்குதான் பிழைக்கவில்லை. மகன் தினமும் பாதியை என்மேல் துப்பினான். என் சேலைகளுக்கு நல்ல புஷ்டி.

அடுத்த முறை நிறுத்தபோது நல்ல வெயில். குறைந்ததெல்லாம் ஏறி, கொஞ்சம் கூடவும் இருந்தது. தராசடியில் எடை குறிக்கும் கணக்கப்பிள்ளையிடம் டானிக்கின் பெருமையை ஆரம்பித்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"டானிக் என்னாங்கம்மா செய்யும்? இன்னைக்கு வெயிலு. மழ நாளுன்னா ஈரத்துக்கு ரெண்டு ராத்தல் கழிச்சிருவேன்."

"பிள்ளைக்குமா?"

"கை பழகிப் போச்சுங்கம்மா."

பின்னால் கொழுந்துக் கூடையோடு நின்றவள் சிரித்தாள்: "எங்க கொழுந்துல வெட்டுறது பத்தலீங்களா, ஐயா? கிளாக்கரம்மா புள்ளையிலயும் வெட்டணுமா?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் மகனின் இரண்டு ராத்தல் திரும்பி வந்துவிட்டது. அவளுடைய ராத்தலைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஊருக்குப் போக ஒரு டிரங்குப் பெட்டி அடுக்கி வைத்திருந்தேன். அன்றே மகனின் துணிகளை வெளியே எடுத்தேன். ஊர் ஆசையில் மடித்துவைத்த என் சேலைகளை எடுக்கத்தான் கை வரவில்லை. பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில் பாதி நிறைந்து கிடக்கிறது.