சபீனாவிடம் ‘தானாக் கெட்டது’ என்று சொல்லாதீர்கள்

கொம்பியூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டில் வலது காதை ஒட்ட வைத்துக்கொண்டு சபீனா இடது கையை உயர்த்துகிறார். யாரும் பேசக் கூடாது என்று அர்த்தம். மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. திரையில் என்ன தெரிகிறது என்று அவர் இன்னும் பார்க்கவே இல்லை. உள்ளே வட்டு ஒழுங்காகச் சுற்றுகிறதா, எங்காவது இடறுகிறதா என்று கேட்டு முடித்த பிறகுதான் நிமிர்வார். அபாயாவின் கைகளைச் சுருட்டிவிட்டு, வீட்டில் உள்ளவர்களை ஒரு சுற்றுப் பார்த்துக் கேட்பார்:

“கடைசியா ஆரு தொட்ட?”

யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். காத்தான்குடியில் கொம்பியூட்டர்கள் எல்லாம் ஆள் தொடாமலே கெட்டுப்போகின்றன.

“தானாத்தான் ராத்தா, தானாக் கெட்டுப் பெய்த்து.”

“தானா வாறத்துக்கு இது என்ன தடிமனா, காய்ச்சலா?”

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் ‘தானா’ என்ற சொல்லை எடுப்பதில்லை.

சபீனாவுக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அவர் ராத்தா, அக்கா. பள்ளிப் பிள்ளைகள் கொண்டுபோகும் முதுகுப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு ஒழுங்கைகளில் விறுவிறு என்று போவார். பையில் திருப்புளிகள், தூசு தட்ட ஒரு பெயின்ற் பிரஷ், சில சீடிகள், பென்சில் அழிக்கும் றப்பர். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற கிழக்கிலங்கை ஊர் இது. இரண்டு பக்கத்து உப்பும் பெட்டிக்குள் புகுந்து செப்புப் பற்களை அரித்துவிடும். நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் பற்களை றப்பரால் தேய்த்துவிட்டால் செத்துக் கிடந்த இயந்திரங்களில் பாதி எழும்பிவிடும். அதைச் செய்துவிட்டு அவர் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. “இதக்கூடச் செய்யாம புதுசு வாங்கச் செல்லியிரிக்கான் பாருங்க” என்று, கண்ணால் காணாத யாரோ ஒரு கடைக்காரனை ஏசத் தொடங்குவார்.

அவரை வீட்டுக்கு அழைப்பவர்கள் எல்லோரும் பெண்கள். மாப்பிள்ளை, அதாவது புருஷன், கட்டாரில் இருப்பார், அல்லது சவூதியில். அவர் அனுப்பிய கொம்பியூட்டர் இங்கே இருக்கும். அது பழுதானால், முன்பின் தெரியாத ஆம்பிளையை வீட்டுக்குள் எடுக்க முடியாது. பெட்டியைக் கடைக்குக் கொடுத்துவிடவும் பயம். உள்ளே கல்யாணப் படங்கள் இருக்கின்றன. ஒரு கடையில் வேலை செய்தவன் ஒரு மணப்பெண்ணின் படங்களைத் தன் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டுபோய்ச் சிநேகிதர்களுக்குக் காட்டினான். விஷயம் வெளியே வந்தபோது ஊரில் பாதிப்பேர் அந்தப் பெண்ணைத்தான் கேட்டார்கள், ஏன் படங்களை அதில் வைத்தாய் என்று. அன்றைக்குச் சபீனா அந்தக் கடைவாசலில் நின்று பேசியதைக் கேட்டவர்கள் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள். கடைசியாக அவர் சொன்னது இது: “பல்லுக் கட்டப் போனவள்ட காதுத் தோட்ட டொக்டர் கழட்டுவானா? கழட்டினா அவளயா ஏசுவீங்க?”

தொழில் அவருக்கு வந்தது இரண்டு வழியாக. வாப்பா ரேடியோ திருத்துகிறவர். ஈயம் உருக்கும் வாசனையில் வளர்ந்த பிள்ளை. மற்றது சுனாமி வழியாக வந்தது. கடல் வந்து போன அடுத்த வருடம் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் ஊரில் கொம்பியூட்டர் நிலையம் ஒன்றைத் திறந்தது. நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், மூன்று மொழியில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். திருத்துகிற ஆளை மட்டும் வைக்கவில்லை. மழைக்காலம் ஒன்று முடிவதற்குள் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. நிறுவனமும் அடுத்த நாட்டின் அடுத்த அழிவுக்குப் போய்விட்டது. பூட்டிக் கிடந்த அறைக்குத் திறப்பு வாங்கி, செத்த இயந்திரங்களைக் கழற்றியும் பூட்டியும்தான் சபீனா படித்தார். அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் இன்றைக்கும் ஒரு சொல் உதிர்ப்பார். அச்சில் போடக்கூடிய சொல் இல்லை.

யுத்த காலத்தில் இந்தப் பையோடு அவர் பட்டபாடு வேறு. ஒருமுறை பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் பைக்குள் கையை விட்டு ஒரு ஹார்ட் டிஸ்க்கை, எல்லாம் சேமிக்கிற அந்த வட்டை, எடுத்தான். அது வாடிக்கைக்காரி ஒருத்தியுடையது. என்ன சாமான் என்று தெரியாமல் காதடியில் வைத்துக் குலுக்கினான்.

“ஹொல்லன்ன எப்பா!” குலுக்காதே என்று சிங்களத்தில் போட்ட சத்தத்தில் வரிசை முழுவதும் உறைந்துபோயிற்று. துவக்குகள் திரும்பின. வெடிக்கிற சாமான் என்று நினைத்து அவன் அசையாமல் நின்றான். பிறகு அதை இரண்டு கையாலும், பிறந்த குழந்தையைத் தருவதுபோல நீட்டினான். “அப்பிடித்தான் புடிக்கோணும்” என்று சொல்லி வாங்கிக்கொண்டாராம் சபீனா.

அவர் மிகவும் வெறுக்கிற சொல் ‘தானா’ இல்லை. ‘போமட்.’ வட்டில் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிற வேலை அது. கடைக்காரர்களுக்கு எந்த நோய்க்கும் அந்த ஒரே மருந்து. அரை மணித்தியாலத்தில் இயந்திரம் புதுசு மாதிரி எழும்பும். உள்ளே இருந்தவை போனது போனதுதான்.

“வீட்டக் கழுவப் போறவன் முதல்ல உள்ளுக்க புள்ள கிடக்கா எண்டு பாக்க மாட்டானா?” என்பார் சபீனா.

யுத்தம் முடிந்து சில மாதங்கள் போயிருந்த ஒரு பகல், வாடிக்கைக்காரி உம்மு குல்தூம் ஓட்டோவில் வந்து இறங்கினார். மடியில் கொம்பியூட்டர் பெட்டி. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். மாப்பிள்ளையின் மச்சான் ஒருவர் அதைக் கடைக்குக் கொடுத்திருக்கிறார். கடையில் ‘போமட்’ என்றதும் உம்மு குல்தூம் தானே போய்ப் பறித்துக்கொண்டு வந்துவிட்டார். நான் அப்போது சபீனாவின் வீட்டில்தான் இருந்தேன்.

“அழிச்சிட்டானுகளா?” என்று கேட்டார் சபீனா.

“இன்னும் இல்ல ராத்தா. அசர் தொழுகைக்குப் பொறகு செய்யிற எண்டானுகள்.”

அந்தப் பெட்டிக்குள் சஹ்லா இருந்தாள். உம்மு குல்தூமின் தங்கச்சி. 2004இல் கொம்பியூட்டர் வந்த புதிதில், கட்டாரில் இருக்கும் மச்சானுக்கு, அக்காவின் மாப்பிள்ளைக்கு, அனுப்ப ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ‘வீட்டுச் செய்தி’ வாசிப்பாளாம். எந்தக் கோழி அடை கிடக்கிறது, யாருக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், வாப்பா இன்று யாரை ஏசினார் என்று வானொலிக்காரி குரலில் வாசித்து, நடுவில் சிரிப்பு வந்து நிறுத்த முடியாமல் போய்விடுமாம். அந்த மார்கழியில் கடற்கரைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்தப் பதிவுகளை அதன் பிறகு உம்மு குல்தூம் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. “இரிக்கி எண்டு தெரிஞ்சாப் போதும்” என்றார்.

இதே பெட்டி யுத்தம் முடிந்த அந்த வருடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை விழுந்து சபீனாவிடம் வந்ததுதான். இரண்டு முறையும் ஒரே நோய். அப்டேட் பாதியில் நின்றிருக்கும். இயந்திரம் எழும்பும், திரை ஒரு கணம் நீலமாகும், மறுபடி முதலிலிருந்து எழும்பும். முதல் முறை வட்டில் இடம் போதாது என்றார் சபீனா. இரண்டாம் முறை வைரஸ் என்றார். எழுப்பிப் பார்த்தால் மூன்றாம் முறையும் அதே நோய். முன்பு சொன்ன இரண்டும் பிழை என்று இப்போது தெரிந்ததும் கோபம் தன் மேலேயே திரும்பியது. “எனக்குக் கண் இரிந்தும் பாக்கல்ல” என்று திருப்புளியை மேசையில் அடித்தார்.

வட்டைக் கழற்றித் தன்னுடைய இயந்திரத்தில் இரண்டாவது வட்டாகப் பூட்டினார். அதிலிருந்து எழுப்பாமல் உள்ளே இருப்பதை மட்டும் பார்க்க இதுதான் வழி. சஹ்லாவின் பதிவுகள் உள்ள போல்டர் கிடந்தது. வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை ஒரு பிரதி தன் வட்டில் எடுத்தார், இன்னொரு பிரதி சீடியில் எழுதினார். பிறகு வட்டைத் திரும்பப் பெட்டியில் பூட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு உம்மு குல்தூமின் வீட்டுக்குப் போய், எதையும் அழிக்காமல் சிஸ்டத்தைச் செப்பனிடும் முறையில் சீடியைப் போட்டு இயந்திரத்தை எழுப்பினார். எழும்பியது. வேறு யாராக இருந்தாலும் பையை மூடியிருப்பார்கள்.

“நான் போகல்ல. திரும்ப அப்டேட் எடுக்கட்டும். ஏன் விழுகுது எண்டு பாத்துட்டுத்தான் போற.”

அந்த வீட்டுக்கு இணையம் வந்தது அந்த வருடம்தான், மாப்பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசுவதற்காக. இணையம் வந்த நாளிலிருந்து அப்டேட்டுகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. சபீனா சுவர் ஓரமாகக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “நான் இஞ்ச இல்லாத மாதிரி நினைச்சி, நீ வழமையாச் செய்யிறதச் செய் புள்ள.”

பொழுது சாய்ந்தது. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கியது. உம்மு குல்தூம் வழமைபோலத் தலையை மூடிக்கொண்டு, கொம்பியூட்டரை நிறுத்தும்படி ஒழுங்காக ஆணை கொடுத்துவிட்டு, தொழுகைக்கு முகம் கைகால் கழுவி வுளூச் செய்யப் போனார். ஆனால் இயந்திரம் நிற்கவில்லை. நிற்பதற்கு முன் அப்டேட்டைப் பதியத் தொடங்கியது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

அப்போது உம்மு குல்தூமின் வாப்பா முகைதீன்பாவா பள்ளிவாசலுக்குப் போகப் புறப்பட்டு உள்ளிருந்து வந்தார். பாங்கு சொல்லும்போது வீட்டில் ரேடியோவோ டீவியோ உயிரோடு இருப்பது அவருக்கு ஆகாது. திரை மினுங்குவதைக் கண்டார். வுளூச் செய்த ஈரக் கையோடு குனிந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடித்தார்.

“புடுங்க ஒண்ணா!”

பிடுங்கக் கூடாது என்று சபீனா போட்டது, சோதனைச் சாவடியில் போட்ட அதே சத்தமாகத்தான் இருக்க வேண்டும். கிழவர் கையை எடுத்துவிட்டார். சபீனா சுவருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

“பாங்கு சொல்லக்குள்ள இது மினுங்கிக்கிட்டு இரிக்கலாமா மகள்?”

“இது பாட்டுப் படிக்கல்ல வாப்பா. வாயப் பொத்திக்கிட்டு வேல செய்யுது. எத்தின நாளாப் புடுங்குறீங்க?”

“வந்த நாளையிலேருந்து.”

உம்மு குல்தூம் ஈர முகத்தோடு வாசலில் நின்றார். “வாப்பா… கடைக்காரன் போமட் எண்டானே, தங்கச்சிட குரலெல்லாம் போயிரிக்கும் வாப்பா.”

முகைதீன்பாவாவின் முகத்தில் முதலில் வந்தது கோபம். “அதுல என்ன எழுதியிரிக்கி?” என்று திரையைக் காட்டிக் கேட்டார்.

“நிப்பாட்டாதீங்க, பிளக்கப் புடுங்காதீங்க எண்டு.”

“எந்தப் பாசையில?”

“இங்கிலீசில.”

“அப்ப எனக்கு ஆரு சென்ன?” என்றார் அவர். “இந்த வயசில, என்ட புள்ளைட குரல என்ட கையால… எனக்கு ஆரு சென்ன?”

பாங்கு முடிந்தது. கிழவர் மெல்லப் படியிறங்கிப் பள்ளிக்குப் போனார். சபீனாவின் ஆத்திரம் இப்போது திரையின் பக்கம் திரும்பியது. “இத்தின கோடிப் பேருக்கு விக்கத் தெரிஞ்சவனுக்கு, இந்த ஒத்த வரியத் தமிழ்ல எழுதினாக் கை முறிஞ்சிருமா?” பைக்குள் துழாவித் தடித்த பேனை ஒன்றை எடுத்தார். யாரிடமும் கேட்கவில்லை. நோன்புப் பெருநாளுக்குப் புதிதாகப் பூசிய சுவரில், பிளக்குக்கு நேர் மேலே, பெரிய எழுத்தில் எழுதினார்: ‘வெளிச்சம் தானாக அணையும்வரை பிடுங்கக் கூடாது.’

“சுவரு ராத்தா…” என்றார் உம்மு குல்தூம்.

“சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம்.”

தொழுகை முடிந்தது. அப்டேட்டும் முடிந்து, இயந்திரம் அணைந்து, திரும்ப எழுப்பியபோது நீலமாகாமல் எழும்பியது. போல்டர் இருந்த இடத்தில் இருந்தது. உம்மு குல்தூம் அதைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

“திறக்குதா எண்டு பாருங்க ராத்தா. பாதியில வெட்டுப்பட்டிரிந்தா… எனக்கு ஏலா. நீங்க முதல்ல கேட்டுப் பாருங்க.”

சபீனா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். ஒலிபெருக்கியின் குமிழைப் பிடித்து, சத்தம் முழுவதும் அற்றுப்போகும்வரை திருகினார். பிறகு முதல் பதிவைத் திறந்தார். திரையில் குரலுக்குத் தகுந்தபடி பச்சைக் கோடுகள் எழும்பி விழுந்தன. ஓரிடத்தில் நிறைய நேரம் படபடவென்று துள்ளின. சத்தமே இல்லாமல் அவர் அந்தக் கோடுகளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததைத் திறந்தார். அதையும் அப்படியே. எல்லாம் முழுதாக ஓடி முடிந்ததும் எழும்பி, உம்மு குல்தூமைத் தோளில் தொட்டுக் கதிரையில் உட்காரவைத்து, அவருடைய விரல்களை எடுத்து அந்தக் குமிழின் மேல் வைத்தார்.