விழுங்காத மாத்திரை

என் ரத்தத்தில், அதை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) தேவைக்கு மேல் பெருகுகின்றன என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். வாழ்க்கையில் நான் எதையாவது தேவைக்கு மேல் செய்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் மாத்திரை எழுதினார். சும்மா இருந்தேனா? பெட்டிக்குள் இருந்த காகிதத்தை விரித்துப் படித்தேன். செல்லுக்குள் டி.என்.ஏ. நகலெடுப்பதை மருந்து தடுக்குமாம். நகம் வளரவும் செல் பெருக வேண்டுமே என்று கட்டைவிரல் நகத்தில் பேனாவால் கோடு போட்டு, நகம் வளர்கிறதா என்று பார்த்தேன். மூன்று நாளாகியும் கோடு நகரவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டேன். மனைவிக்குச் சொல்லவில்லை.

மறு மாதம் டாக்டரைப் பார்க்க அரியலூரில் பஸ் ஏறினோம், பெரம்பலூருக்கு. ரயில்வே கேட் மூடியிருந்தது. நம் வழக்கப்படி இந்தப் பக்கத்தவர்கள் சாலை முழுவதையும் அடைத்து நின்றார்கள்; அந்தப் பக்கமும் அப்படியே. கேட் திறந்ததும் சிமெண்ட் லாரிகள் மூக்கோடு மூக்கு. நான் ஜன்னலோரம். கைக்குட்டைக்காக என் பையைத் துழாவிய மனைவி, நான் ஒளித்திருந்த மாத்திரை அட்டைகளை வெளியே எடுத்தாள். மூன்றுதான் குறைந்திருந்தன. குதிக்கலாமென்றால் ஜன்னலில் கம்பி.

அவள் பிளஸ் டூ விலங்கியல் டீச்சர்.

“என்னங்க இது?”

“இந்த மருந்தால நகலெடுக்கறது பாதியில நின்னு, டி.என்.ஏ. அறுந்துட்டா?”

“அதுக்கெல்லாம் செல்லு ஏற்பாடு வெச்சிருக்கு. பிரிச்ச இழை வெறுமனே கெடந்தா ஆபத்துன்னு புரதத்தக் கொண்டாந்து போத்திடும். வேற எடத்துல புதுசா ஆரம்பிக்காத, இது முடியாம ரெண்டாப் பிரியாதன்னு தகவல் அனுப்பும். அறுந்தாலும் ஒட்டப் பாக்கும். நெலம சரியானதும் தொடரும். இந்த லாரிக்காரங்க மாதிரி முண்டாது.”

“நெசமாவா?”

“என் கடைசி பெஞ்சுகூட இத ஒரே தடவையில புரிஞ்சுக்கும். இப்ப தட்டணு ஏறியிருந்தா, மருந்து கேக்கலன்னு டாக்டர் டோஸக் கூட்டிருவாரு. நீங்களே சொல்லிருங்க.”

“நீ சொல்லேன்.”

“நானா முழுங்காம இருந்தேன்?”

பெரம்பலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏறித்தான் இருந்தது. டாக்டர் பேனாவைத் திறந்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

“சார், நான் மூணு நாளுதாங்க முழுங்கினேன்.”

பேனா நின்றது. “ரத்தம் எங்கயும் உறையாம இருந்ததே பெருசுங்க,” என்றார். பழைய அளவையே எழுதினார்.

“இங்கயே முழுங்கட்டும் சார்,” என்றாள் மனைவி. நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்று பேர் பார்த்திருக்க விழுங்கினேன். என் செல்கள் நிதானமாகத்தான் இருந்திருக்கும். அவற்றின் சொந்தக்காரன்தான் பஸ் ஸ்டாண்டு வரை அவள் கையை விடவில்லை.